கழுவின உப்பு

மே 28, புதன்

மதுரைக்குப் போய் வந்தாயிற்று. போக வர, காத்திருக்க என்று பகல் முழுவதும் போனது. டாக்டர் ஷமீமா பேசியது கொஞ்ச நேரம்தான். அதை இன்றே எழுதிவைக்காவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

தைராய்டு சுரப்பியை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. அதிலிருந்து தப்பித்த செல்கள் இரண்டு நுரையீரலிலும் போய்க் குடியேறியிருக்கின்றன. கதிரியக்க அயோடின் இரண்டு தடவை கொடுத்தார்கள். முதல் தடவை கேட்டது. இரண்டாம் தடவை அந்தப் புள்ளிகள் அயோடினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா கணினியில் இரண்டு படங்களைக் காட்டினார். சர்க்கரை ஏற்றி எடுத்த படத்தில் நெஞ்சு முழுக்க வெளிச்சப் புள்ளிகள். அயோடின் கொடுத்து எடுத்த படத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு.

"டீச்சர், நீங்க பயாலஜிதானே? நேராவே சொல்றேன். தைராய்டு செல்லுக்கு அயோடினை உள்ள இழுக்க ஒரு வாசல் உண்டு. அந்த வாசலைக் கட்டுற மரபணு உங்க புற்றுச் செல்லுல தூங்கிடுச்சு. இன்னொரு மரபணு கெட்டுப்போய், 'பெருகு, பெருகு'ன்னு ஓயாம உத்தரவு போடுது. அதுக்குத் தீனி வேணும்ல? சர்க்கரையை அள்ளி அள்ளித் திங்குது. தான் தைராய்டுங்கறதையே மறந்துடுச்சு."

"மறந்தத ஞாபகப்படுத்த முடியுமா?" என்று கேட்டேன்.

"ஒரு மாத்திரை இருக்கு. அந்த உத்தரவை அடக்கும். சில வாரம் சாப்பிட்டா சில பேருக்கு அந்த வாசல் திரும்பத் திறக்குது. திறந்தா அயோடினைக் குடுத்து உள்ளேயே வச்சு எரிச்சிடலாம்."

"திறக்கலன்னா?"

"அப்புறம் அதை அழிக்கறதைப் பத்திப் பேச முடியாது, டீச்சர். வேகத்தைக் குறைக்கறதைப் பத்தித்தான் பேசலாம்."

ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கும், அதில் எது விழித்திருக்கிறதோ அதுதான் அந்த செல்லின் தொழிலைத் தீர்மானிக்கும் என்று வருஷா வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். கண் செல் கண்ணாகவே இருக்கும், ஈரல் செல் ஈரலாகவே இருக்கும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு தைரியம் எனக்கு!

ஜூன் 1, ஞாயிறு

இன்று முதல் புது மாத்திரை. வழக்கமாகச் சாப்பிடும் தைராய்டு மாத்திரையை நிறுத்தியாயிற்று. உடம்பு அயோடினுக்கு ஏங்க வேண்டுமாம். அதனால் மீன் கிடையாது, முட்டை கிடையாது, பால், தயிர், பேக்கரி எதுவும் கிடையாது. தூத்துக்குடியில் பிறந்தவளிடம் மீன் கிடையாது என்பதற்கு அந்த அம்மாவுக்குத் துணிச்சல் வேண்டும். அயோடின் சேர்த்த உப்பும் கூடாது. கடையில் விற்கும் பாக்கெட் உப்பு எல்லாமே அயோடின் சேர்த்ததுதான்.

உப்புக்கு நான் எங்கே போவது? தம்பி பால்துரை அளம் வைத்திருக்கிறான். கடல்தண்ணீரைப் பாத்தியில் கட்டி, காயவைத்து, வாரி, குவித்து விற்பதுதான் அவன் பிழைப்பு. அதற்குமேல் அதைக் கழுவுவது, அரைப்பது, அயோடின் தெளிப்பது எல்லாம் மில்காரர்கள் பாடு. சாயங்காலம் ஒரு பையோடு வந்தான். பையைத் தரையில்தான் வைத்தான். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கைக்குக் கை கொடுக்காமலே நாங்கள் போடும் சண்டை தெருவுக்கே தெரியும்.

"எக்கா, நம்ம பாத்தியில இன்னைக்கு வாருனது. மில்லு வாசலையே பாக்காத உப்பு. ஒரு மருந்தும் அடிக்கல" என்றான்.

பிரித்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், ஈரமாக, அங்கங்கே களிமண் துணுக்கோடு கிடந்தது.

"ஏலே, இது உப்பா, மண்ணா? சீக்காளிக்குக் குடுக்குத பொருளால இது? ஒம் பொண்டாட்டிக்கு இதப் போட்டுக் கொழம்பு வைப்பியா?"

சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன். பதிலுக்கு ஏதாவது சொல்வான் என்று பார்த்தால், பையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டான். வர வர இவனிடம் தமாஷ்கூடப் பேச முடியவில்லை.

ஜூன் 4, புதன்

கத்தரிக்காய்க் கூட்டு. நேற்றும் அதுதான். நாளையும் அதுவாகத்தான் இருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

பால்துரை வேறு உப்புக் கொண்டுவந்திருக்கிறான். பழையதைக் கொட்டிவிடச் சொன்னான். இது பல்லைப் போல வெள்ளை. உதிரி உதிரியாக, ஒரு தூசி கிடையாது. "இத எங்கல பிடிச்ச?" என்றேன். "எங்கன பிடிச்சா என்ன? நல்லாருக்கா இல்லியா, அதச் சொல்லு" என்றான். நல்லாத்தான் இருக்கிறது. பல நாளைக்குப் பிறகு ரசம் ரசமாக இருந்தது. அவனிடம் அப்படியே சொன்னேன். மூஞ்சியில் ஒரு சிரிப்பு வந்தது, பாவம். எவ்வளவு நாளாயிற்று அவன் சிரித்து.

ஜூன் 13, வெள்ளி

காய்ச்சல். மாத்திரை செய்யும் வேலை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கையெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருக்கிறது. வாயில் புண். பால்துரையின் மனைவி லீலாவதி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். "மைனி, உப்பு போடட்டா?" என்று கேட்டாள். நிறையப் போடு என்றேன். நாக்கில் பட்டுத் தெரிவது இப்போது அது ஒன்றுதான்.

ஜூன் 19, வியாழன்

தைராய்டு மாத்திரையை நிறுத்தியதன் பலன் தெரிகிறது. ஆனி மாச வெயிலில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முகம் உப்பிவிட்டது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் எதற்கு ஆரம்பித்தேன் என்பது போய்விடுகிறது. என் உடம்பு முழுக்க அடுப்பை அணைத்து வைத்திருக்கிறது. நுரையீரலில் இருக்கும் அந்தத் திருட்டுக் கூட்டம் மட்டும் சர்க்கரையைத் தின்றுகொண்டு கொழுத்திருக்கிறது. இதை என்ன நியாயம் என்று சொல்வது?

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையுமா என்று பார்த்தேன். குறையவில்லை.

ஜூன் 27, வெள்ளி

மதுரை. கொஞ்சமாக அயோடின் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

ஒன்றும் இல்லை. ஒரு புள்ளிகூட ஒளிரவில்லை.

டாக்டரம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். சிறுநீர் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். "அது வரட்டும், பேசுவோம்" என்றார். பஸ்ஸில் லீலா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகைகூட மெதுவாகத்தான் வந்தது. அருப்புக்கோட்டை தாண்டித்தான் வந்தது.

ஜூன் 30, திங்கள்

போன் வந்தது. என் சிறுநீரில் அயோடின் எக்கச்சக்கமாம். பத்தியம் இருந்தவர் உடம்பு மாதிரியே இல்லையாம். புதன்கிழமை நேரில் வரச் சொன்னார்கள்.

எப்படி? நான் ஒரு மீன் செதிலைக்கூடத் தொடவில்லையே. பற்பசையாக இருக்குமோ? பள்ளிக்கூடத்திலிருந்து வந்த டீச்சர்கள் கொடுத்த பழரசமா? வாய்ப்புண்ணுக்கு மருந்துக்கடைக்காரர் கொடுத்த களிம்பை எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். அதில் இல்லை. மாநகராட்சித் தண்ணீரைக்கூடச் சந்தேகப்பட்டேன். கத்தரிக்காய்க்கு என்ன உரம் போடுகிறார்களோ.

ஜூலை 2, புதன்

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். அரிசி, காய், எண்ணெய், ஊறுகாய், இருமல் மருந்து. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"உப்பு?"

"தம்பியோட அளத்துல வாருனது டாக்டர். மில்லுக்குப் போகாதது."

"எப்படி இருக்கும்?"

"வெள்ளையா, உதிரியா…" என்று சொல்லும்போதே என் குரல் என் காதில் விழுந்தது. பக்கத்தில் லீலா தலையைக் குனிந்துகொண்டாள். தூத்துக்குடியில் பிறந்து, அளத்து வரப்பில் நடந்து வளர்ந்தவள் நான். அள்ளின உப்பு அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியாதா?

"கடையில வாங்கினது" என்று மாற்றிச் சொன்னேன். "அளத்து உப்புன்னு சொல்லி வித்தாங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உடம்பு முழுக்க அயோடின் நிறைந்திருந்தால், அந்த செல்கள் வாசலைத் திறந்தே வைத்திருந்தாலும் அவர்கள் கொடுத்த சொட்டு அதில் கரைந்து காணாமல் போயிருக்கும் என்றார். ஆகவே மாத்திரை தோற்றதா, ஜெயித்ததா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாதாம். இன்னும் இரண்டு வாரம் மாத்திரையைத் தொடரலாம், மறுபடியும் ஒரு படம் எடுக்கலாம். அதற்குமேல் என் இதயம் தாங்காது. அந்த மாத்திரை இதயத்தையும் சோர்வாக்கிவிடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள்.

"இனி உப்பே வேண்டாம் டீச்சர். எந்த உப்பும். இதுதான் கடைசி வாய்ப்பு."

திரும்பும்போது பஸ்ஸில் லீலா மெதுவாக ஆரம்பித்தாள்.

"மைனி, அவுக மில்லுல போயி நின்னு வாங்கிட்டு வந்தாவ. எங்க அக்காளுக்கு, கழுவினதா, மண்ணில்லாததா வேணும்னு கேட்டு. மருந்து பாக்கெட் போடும்போதுதான் அடிப்பாவ, இது கழுவினது மட்டும்தான்னு நெனச்சாவ. அங்க கழுவி வரும்போதே அயோடினத் தெளிச்சிருதாவளாம். எங்க அண்ணன் மவன் அங்க வேல பாத்தவன், இப்பதான் போன்ல கேட்டேன். அவுகளுக்கு அது தெரியாது மைனி. அளத்த விட்டா அவுகளுக்கு என்ன தெரியும்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அவுககிட்ட சொல்லிராதிய. அவுக தாங்க மாட்டாவ."

"நான் மட்டும் தாங்குவனாக்கும்?" என்று கத்திவிட்டேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காய்ச்சலில் கிடந்தது, வாய்ப்புண்ணோடு விழுங்கியது, குளிரில் நடுங்கியது எல்லாம் ஒரு பை உப்பில் போயிற்று. அவன் எதிரில் இருந்தால் அறைந்திருப்பேன். நிஜமாகவே அறைந்திருப்பேன்.

ஜூலை 3, வியாழன்

அவனுக்கு எதற்கு இந்த வெள்ளை உப்பு வாங்கும் புத்தி வந்தது என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். யோசனையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து பாத்திரம் துலக்கினேன்.

ஜூலை 4, வெள்ளி

சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். நான் ஒருத்தி மட்டும் எதற்கு இதைச் சுமக்க வேண்டும்? அவன் வீடு அடுத்த தெருதான். இந்த உடம்போடு அதுவே ஊர்கோலம் மாதிரி ஆனது. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன்.

பால்துரை அப்போதுதான் அளத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான். உப்புத்தண்ணீரில் நின்று நின்று அவன் பாதம் இரண்டும் வெடித்து, வெளுத்துப் போயிருக்கும். சின்ன வயதில் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது.

"என்னக்கா, நடந்தா வந்த? ஒரு போன் அடிச்சா வரமாட்டனா? லீலா, அக்காளுக்குச் சேரு போடு."

உட்கார்ந்தேன். "ஏலே, அந்த உப்பு…" என்று ஆரம்பித்தேன்.

அவன் முகம் சட்டென்று மாறிவிட்டது. கையில் இருந்த செம்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னக்கா, அதுலயும் மண்ணு கெடக்கா?"

வாசலில் லீலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தேன். இவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனவள் நான். வழியெல்லாம் அழுவான். நான் திட்டுவேன், இன்னும் அழுவான்.

"இல்லல. நல்லாருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"இதுக்கா இம்புட்டுத் தூரம் நடந்த? கிறுக்கு பிடிச்சவ!" என்று திட்டிவிட்டு, வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டான்.

ஜூலை 6, ஞாயிறு

மறுபடியும் ஒரு பை வெள்ளை உப்பு. தரையில் வைத்தான். எடுத்துக்கொண்டேன். அவன் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, கொல்லையில் தென்னைமரத்து மூட்டில் குழி பறித்துப் போட்டு மூடினேன். சாக்கடையில் கொட்ட மனசு வரவில்லை. உப்பை அப்படிச் செய்யக் கூடாது. தென்னைக்கு உப்பு நல்லது என்று எல்லோருமே போடுகிறார்கள். நான் போட்டதில் தப்பில்லை.

எனக்கு உப்பில்லாத சோறு, உப்பில்லாத பீர்க்கங்காய்.

ஜூலை 10, வியாழன்

குமட்டல். சோற்றைப் பார்த்தாலே அழுகை வருகிறது. தின்றேன்.

ஜூலை 12, சனி

லீலா சாப்பாடு கொண்டுவந்தாள். சட்டியைத் திறந்து, "ஒரு கல்லுகூடப் போடல மைனி" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவுக செஞ்சதுக்கு என் தலையில அடிச்சுக்கணும்போல இருக்கு. ஆனா நீங்க அவுகள ஒரு சொல்லு சொல்லலையே" என்று அழுதாள்.

அவளைச் சமாதானப்படுத்த எனக்குத் தெம்பு இல்லை. கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இரவெல்லாம் இருக்கிறது. அவன் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. அவன் போனதும் திரும்பி வந்துவிடுகிறது.

ஜூலை 15, செவ்வாய்

இடது நுரையீரல் ஒளிர்ந்தது.

அந்தப் படத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. போன தடவை இருட்டாகக் கிடந்த இடத்தில் புள்ளி புள்ளியாக எரிந்துகொண்டிருந்தது. டாக்டரம்மாவே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பாருங்க டீச்சர், ஞாபகம் வந்துடுச்சு! அயோடினைப் பிடிச்சு வச்சிருக்கு பாருங்க!" லீலா சத்தம் போட்டு அழுதாள். நானும்தான். வகுப்பில் ஒருநாளும் பதில் சொல்லாத பிள்ளை எழுந்து நின்று சரியாகச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அப்புறம்தான் வலது பக்கம் பார்த்தேன். அங்கே பெரிதாக இருக்கும் இரண்டும் இருட்டாகவே இருந்தன.

"எல்லாம் ஒரே மாதிரி திரும்பாது" என்றார் டாக்டரம்மா. "ஒரே உடம்புலயே ஒண்ணு கேக்கும், ஒண்ணு கேக்காது. இடது பக்கத்தை இப்ப எரிச்சிடலாம். வலது பக்கத்துக்கு வேற வழி பாப்போம்."

லீலாவை மருந்துச்சீட்டு வாங்க அனுப்பிவிட்டுக் கேட்டேன். "முதல் தடவையே உப்பு சரியா இருந்திருந்தா, வலது பக்கமும் பிடிச்சிருக்குமா டாக்டர்? இந்த இடைவெளியிலதான் அது கையை விட்டுப் போச்சா?"

அவர் படத்தை மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். "இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். சத்தியமா யாராலயும் சொல்ல முடியாது, டீச்சர்."

வெளியே வந்தபோது லீலா, "ரெண்டு பக்கமும் சரியாயிரும்லா மைனி?" என்றாள். அவள் படத்தில் இடது பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். டாக்டரம்மா வலது பக்கம் பற்றிச் சொன்னது அழுகைச் சத்தத்தில் அவள் காதில் ஏறவில்லை போலிருக்கிறது. தலையை ஆட்டினேன்.

ஜூலை 17, வியாழன்

ஈயப் பாத்திரத்தில் வைத்துக் கதிரியக்க அயோடின் குளிகையைக் கொண்டுவந்தார்கள். கொடுத்தவர் தள்ளி நின்றுகொண்டார். நான் விழுங்கினேன், ஒரு ருசியும் இல்லை. பிறகு கதவைச் சாத்தினார்கள். கனமான கதவு. நான் இப்போது பக்கத்தில் யாரும் வரக்கூடாத ஆள். சாப்பாட்டைத் தட்டில் வைத்து வாசலோடு தள்ளிவிட்டுப் போகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். இடது பக்கத்தில் இருப்பவை வாசலைத் திறந்து அயோடினை உள்ளே அழைத்துக்கொண்டிருக்கும், பழைய பழக்கத்தில். அதுவே அவற்றை எரிக்கப் போகிறது என்று அவற்றுக்குத் தெரியாது. வலது பக்கத்தில் இருப்பவற்றைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு அவற்றைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. பால்துரை. அளத்தைப் போட்டுவிட்டு மதுரைக்கு வந்துவிட்டானாம். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறான்.

"எக்கா, எரியுதாம்லா! லீலா சொன்னா!"

"ஆமால."

"பாத்தியா, நம்ம உப்பு வேல செஞ்சிருக்கு! நான் அப்பவே நெனச்சேன். இங்க டீக்கடையில எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். டாக்டர் மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், எங்க அக்காளுக்குப் பாத்துப் பாத்து உப்புக் குடுத்தவன் நான்லான்னு. சரிதானக்கா?"

கதவு சாத்தியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. என் முகத்தை அவன் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பான்.

"வேற யாருல குடுத்தா? நீதான் குடுத்த."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அவன் மூக்கை உறிஞ்சினான். ஐம்பது வயசு ஆம்பளை, நடுரோட்டில் நின்று அழுகிறான்.

"ரெண்டு பக்கமும்தானக்கா எரியுது?"

"ரெண்டு பக்கமும்தாம்ல" என்றேன். "போ, போயி சாப்பிடு."